கீபோர்டில் வைத்த பொட்டு

அடையாறில் குடியிருந்த ஒரு பெரியவரைக் கம்ப்யூட்டர் மூலமாகக் கொல்லப் பார்த்தேன் என்று என்மேல் ஒருமுறை விசாரணை நடந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. அதுவரை நான் யாரையும் உரக்கக் கூப்பிட்டதுகூட இல்லை.

என் வீடு பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில். எங்கள் பக்கத்தில் பிழைக்க முதலில் வேண்டியது குரல். படகு கரைக்கு வந்ததும் மீனை மணலில் கொட்டி ஏலம் விடுவார்கள். யார் குரல் மேலே கேட்கிறதோ அவர் மீன் போகும். என்னை நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கூடை சங்கராவை வைத்துக்கொண்டு நான் ஏலம் விட நின்ற கதையை என் மனைவி இன்றும் சொல்லுவாள். நான் வாயைத் திறப்பதற்குள் மீன் கருவாடாகிவிட்டதாம்.

அதனால்தான் மயிலாப்பூரில் கிடைத்த வேலையை நான் பெரிய கொடுப்பினையாக நினைத்தேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில், திருமணத் தகவல் மையம். காலையில் திறப்பது, பெருக்குவது, துடைப்பது, காபி வாங்கி வருவது, இவைதான் என் வேலை. பதினோரு வருடத்தில் அங்கே நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த வேலை போனால் மறுபடியும் மணலில் நின்று கத்த வேண்டும். விசாரணை நடந்த அன்று என் மனதில் ஓடியதெல்லாம் இது ஒன்றுதான்.

மையத்தின் முதலாளி, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகங்களை நான்கு இரும்பு பீரோக்களில் அடுக்கி வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அவருக்கும் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. தி.நகரில் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் ஆசிரியர் அதைக் கொண்டுவந்து வைத்தார். மே மாதத்திலும் டை கட்டிக்கொண்டு மொபெட்டில் வருகிற மனிதர். ஜாதகங்களை அதில் ஏற்ற மந்தைவெளியிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பீரோவிலிருந்து எல்லாம் உள்ளே போவதற்கு எட்டு மாதம் ஆனது.

கம்ப்யூட்டருக்காகக் கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏ.சி. வைத்து, தனி அறை கட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். வைரஸ் என்று ஒன்று உண்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஆசிரியர் ஒரு தடவை சொல்லிவிட்டார். அது தூசியோடு காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்று முதலாளி முடிவு கட்டிக்கொண்டார். ஜலதோஷம் பிடித்தவர்களுக்கும் அனுமதி இல்லை. இருமிக்கொண்டே வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, பெண் வீட்டாரைப் பற்றிய விவரங்களையெல்லாம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் என்ற ரகசியச் சொல்லும் இருந்தது. முதலாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் அவள் அதைத் தட்டுவதற்கு முன்னால் முதலாளி, "எல்லாரும் செத்த திரும்பிக்கோங்கோ" என்பார். கோயிலில் நைவேத்தியத்துக்குத் திரை போடுவதைப் போல. வந்திருக்கும் அப்பா அம்மாக்கள், வீட்டு வரி ரசீது கொடுக்க வந்தவர், தபால்காரர், எல்லோரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். தட்டி முடிந்ததும் "ஆச்சு" என்பார். எல்லோரும் இந்தப் பக்கம் திரும்புவார்கள்.

என்னை மட்டும் யாரும் திரும்பச் சொன்னதில்லை. சுவரிடம் போய்த் திரும்பச் சொல்வார்களா? கையில் துணியோடு நான் மேஜையின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அப்படி ஒன்றரை வருடம் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் அவள் விரல் போகும் இடம் தெரியும். ஏழு தடவை தட்டுவாள், அதில் ஒரே பொத்தானை இரண்டு தடவை. கடைசியில் வலது பக்கத்துப் பெரிய பொத்தான். எங்கள் வாசலில் தினமும் போடும் கோலத்தின் புள்ளிகளைப் போல அது என் கண்ணில் பதிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா. தினமும் வருவார். அவர் பெண்ணுக்கு மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. ஆகவே எந்த வரன் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பையனுக்கு அப்பா இருக்காரா?" என்பதுதான். இருக்கிறார், திடமாக இருக்கிறார் என்று முதலாளி சொன்னால், துக்கச் செய்தி கேட்டவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துவிடுவார். போய்ச் சேர்ந்து நாலு வருடமாயிற்று என்று சொன்னால் முகமெல்லாம் மலர்ந்து, "பேஷ்" என்பார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார். நல்ல மனிதர்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லிவிட்டு முதலாளி பூஜை செய்யும் வாத்தியாரை அழைத்து வரப் போய்விட்டார். நான் நான்கு பீரோவுக்கும் வைத்தேன். பீரோ என்றால் கதவு முழுக்கவா வைப்போம்? பூட்டுக்கு வைப்போம், சாவிக்கு வைப்போம். டெலிபோன், ஸ்டேப்ளர், மேஜை மணி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். கண்ணாடியில் வைத்தால் கறை படியும் என்று திட்டுவார்கள். யோசித்தேன். இதற்குப் பூட்டு எது?

ஏழு பொட்டு வைத்தேன். இரண்டு தடவை தட்டும் பொத்தானுக்கு, அடுத்தடுத்து இரண்டு. கடைசிப் பெரிய பொத்தானுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டாகத் தனியாக. பார்க்க லட்சணமாக இருந்தது. வாத்தியார் கற்பூரம் காட்டினார். சுண்டல் வாங்க வந்த அறுபது எழுபது பேர் கண்ணாடி வழியாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முதலாளியும் கும்பிட்டார். ரகசியச் சொல் சந்தனமும் குங்குமமுமாக எல்லோருக்கும் முன்னால் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் விஜயதசமி. முதலாளி வரும் முன்பு மெஷினைப் போட்டு வைப்பது என் வேலை. போட்ட பிறகுதான் பார்த்தேன், குங்குமம் பொத்தான்களின் இடுக்கில் இறங்கியிருந்தது. காலையில் வருகிற பெண்ணுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டு அழுந்தாமல் போனால் என்னைத்தான் சொல்வார்கள். சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க, அவள் தட்டும் வரிசையிலேயே ஏழையும் தட்டினேன். பழக்கத்தில் பெரிய பொத்தானையும் தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. அவள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே வந்து நின்றது. ஒரு கட்டத்தில் 19 என்று இருந்தது. எண் எனக்குப் படிக்க வரும்.

ஈரத் துணியை எடுத்துப் பொட்டுகளை அழுத்தித் துடைத்தேன். பெரிய பொத்தானுக்கு மேலே இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து அழுந்தியது. திரையில் ஒன்பது காணாமல் போய் ஒன்று மட்டும் நின்றது. வீட்டு நம்பராக இருக்கும் என்று நினைத்தேன். எந்த வேலை செய்தாலும் முடிவில் அந்தப் பெண் பெரிய பொத்தானைத் தட்டுவாளே என்று நானும் தட்டினேன். பக்கம் மறைந்தது. அவள் வந்தபோது கம்ப்யூட்டர் திறந்திருந்ததைப் பார்த்து முதலாளி திறந்திருப்பார் என்று நினைத்தாள். முதலாளி அவள் திறந்ததாக நினைத்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் நட்சத்திரங்களைப் பெயராக எழுதுவதில்லை, எண்ணாகப் போடுவார்கள். பத்தொன்பது என்றால் மூலம். ஒன்று என்றால் அஸ்வினி. இது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு நாளில் பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. அடையாறு வரன் ஒன்றுக்கும் அந்த மூல நட்சத்திரப் பெண்ணுக்கும் பத்தில் ஒன்பது பொருத்தம். பையன் நல்ல வேலையில் இருந்தான். பையனின் அப்பாவும் இருந்தார், தினமும் கடற்கரையில் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு மூன்று மைல் நடக்கிறவர். பெண்ணின் அப்பா அந்தத் தாளை மூன்று முறை படித்தார். அஸ்வினி என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணாடிக்குள் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் படி இறங்கிப் போனார். முதல் தடவையாக, பையனுக்கு அப்பா இருக்கிறாரா என்று கேட்கவில்லை.

பேச்சு மளமளவென்று நடந்து நிச்சயம் வரைக்கும் போனது. முகூர்த்தம் பார்ப்பதற்காகப் பெண்ணின் அம்மா பழைய ஜாதக நோட்டைக் கொடுத்தனுப்பினாள். அதில் மூலம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அடையாறு பெரியவர் படியேறி வந்து செருப்புக் காலோடு ஏ.சி. அறைக்குள் நுழைந்தார். முதலாளி, "முதல்ல செருப்பைக் கழட்டுங்கோ" என்றார்.

"நான் உயிர் போற விஷயம் சொல்ல வந்திருக்கேன், நீர் செருப்பைப் பத்திப் பேசறீர்."

பெண்ணின் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் அசரவில்லை. அந்த நோட்டை இருபத்தாறு வருடத்துக்கு முன்பு ஒரு ஜோசியர் கையால் எழுதினார், அவருக்கு அப்போதே பார்வை மங்கல்; கம்ப்யூட்டரே அஸ்வினி என்று சொன்ன பிறகு அதற்குமேல் தான் என்ன சொல்ல முடியும் என்று கேட்டார். டை கட்டிய ஆசிரியரை வரவழைத்தார்கள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். குங்குமம் பொலபொலவென்று மேஜையில் கொட்டியது. பிறகு நிமிர்த்தி, பொத்தான்களின் ஓரங்களில் என் ஈரத் துணிக்குத் தப்பி ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழுதினார். முன்னும் பின்னுமாக மாற்றி எழுதினார். எழுதி முடித்துவிட்டு முதலாளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். வேலை செய்கிற பெண் தன் நகங்களைப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டு வெச்சது யாரு?" என்றார் ஆசிரியர்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஹேக்கிங் என்று பெயர் என்று ஆசிரியர் சொன்னார். எது ஹேக்கிங் என்பதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போயிருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பதை வேண்டுமென்றே மாற்றியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் முழு ஹேக்கிங். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்கள் மகா புத்திசாலிகள், பதினெட்டு வயதுக்குள் எல்லாம் முடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே என் தோளில் கிடந்த அழுக்குத் துணியைப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவன் திறந்து காட்டாமல், இது ஹேக்கிங்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்றார்.

என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார்கள். ஐந்து ஜோடிக் கண்கள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தன. எது முதல் பொத்தான் என்றே தெரியவில்லை. தவறாகத் தட்டினேன். மெஷின் கீச்சென்று கத்தியது. இரண்டாவது தடவையும் கத்தியது. இவன் நடிக்கிறான், போலீசில் ஒப்படையுங்கள் என்றார் அடையாறு பெரியவர்.

முதலாளிக்குத்தான் என்னைத் தெரியும். "இவன் சங்கோஜி. நாம பாத்துண்டிருந்தா இவனுக்குக் கை வராது. எல்லாரும் திரும்பிக்கோங்கோ" என்றார்.

"கொலைகாரன்கிட்ட முதுகைக் காட்டிண்டு நிக்கச் சொல்றேளா?" என்றார் அடையாறு பெரியவர். ஆனாலும் திரும்பினார். வழக்கம் வழக்கம்தான்.

ஐந்து முதுகுகள். பதினோரு வருடத்தில் இவர்களை நான் இப்படிப் பார்த்ததில்லை. முதலாளியின் சட்டையில் முதுகுப் பக்கம் வெள்ளையிலேயே ஒட்டுப் போட்டிருந்தது. ஆசிரியரின் டை பின்னாலிருந்து பார்த்தால் ஒரு நாடாதான். எனக்குப் பயம் விட்டுப் போனது. ஏழையும் தட்டிப் பெரியதைத் தட்டினேன். கம்ப்யூட்டர் திறந்தது. அந்த மூல நட்சத்திரப் பெண்ணின் பக்கமும் வந்தது. கட்டத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"யாரும் திரும்பாதீங்க சார். திரும்புனா எனக்குப் பேச்சு பூடும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டுக்கு வைப்பதைப் போலத்தான் பொட்டு வைத்தேன், என்னை யாரும் ஒருநாளும் திரும்பச் சொன்னதில்லை, எல்லாவற்றையும் துடை என்று சொன்னதால் துடைத்தேன், துடைத்ததில் ஒன்பது போய்விட்டது, அந்த அம்மா தட்டுவார்களே என்று பெரிய பொத்தானைத் தட்டினேன். நான் பேசப் பேச முதலாளியின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. என் குரல் இப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

"நா தப்பு பண்ணிட்டன்னா இப்பவே சரி பண்ணிட்றேன். ஒரு மாசமா அந்தப் பொண்ணு ஒண்ணாம் நம்பராத்தான் கீது. பெரியவரும் நல்லாத்தான் கீறாரு, பீச்சுல தெனம் பாக்கறேன். இப்ப ஒம்போது மேல விரல வெச்சிருக்கேன் சார். அமுக்கிட்டா பழையபடி ஆய்டும். அப்பால பெரியவருக்கு ஒரு இருமல் வந்தாக்கூட என்னியத்தான் சொல்லுவீங்கோ. அமுக்கவா, வாணாமா?"



"கையை எடு" என்றார் அடையாறு பெரியவர். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

ஆசிரியருக்கு மனம் ஒப்பவில்லை. தவறான விவரத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றார்.

"அனுமதி இல்லாம மாத்தினா குத்தம்னு நீர்தானே சொன்னீர்? நான் அனுமதி தரலை."

கம்ப்யூட்டர் என்னுடையது என்று முதலாளி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"உசிர் என்னோடது ஓய். எவனாவது இதுல ஒன்பதைத் தொட்டா அவன்தான் ஹேக்கிங்."

பெண்ணின் அப்பா சுவரைப் பார்த்தபடியே, அப்படியானால் முகூர்த்தத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றது பக்கத்து முதுகு. ஆசிரியர் தன் நோட்டில் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தார். கடைசியில், உள்ளே நுழைந்தது உண்மை, நுழைந்தவர் என்று யாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் இரண்டாவது பீரோவில் இருந்தது. நான் "ஆச்சு சார்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். என் பேச்சு நின்றுவிட்டது.

கல்யாணம் தையில் நடந்தது. எனக்கென்று தனியாகப் பத்திரிகை வந்தது. மண்டபத்தில் அடையாறு பெரியவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், நாலைந்து பேரிடம், கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் தெரிந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். பந்திக்குக்கூட நிற்காமல் ஓடி வந்துவிட்டேன். பிறகும் பல வருடம் கடற்கரையில் அவரைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே கைத்தடியைத் தூக்கிக் காட்டுவார். நான் படகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன்.

வேலை போகவில்லை. ஒரே ஒரு மாற்றம் வந்தது. விசாரணைக்கு மறுநாள் காலை, எல்லோரும் திரும்பிய பிறகும் அந்தப் பெண் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முதலாளி என்னைப் பார்த்து, "நீயும்தான்" என்றார். கையில் துணியோடு நானும் திரும்பினேன். எனக்கு ஒரு பக்கம் ஒரு பெண்ணின் அம்மா, மறுபக்கம் தபால்காரர். சுவரில் ஓர் ஆணியும், பழைய காலண்டர் இருந்த இடத்தில் சதுரமாக வெளுப்பும் இருந்தன. தபால்காரர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ பிடித்தும் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், என்னையும் திரும்பச் சொன்னார்கள் என்றேன்.

"அதுக்கு இன்னாத்துக்குய்யா இப்டி பல்லக் காட்டற?" என்றாள்.

பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஜாக்கிரதையாக இருந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். கீபோர்டில் மொத்தம் நூற்றொரு பொத்தான். ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பொட்டு வைத்தேன். ஒன்பதுக்கும் வைத்தேன், அழுத்தாமல். காலை முழுவதும் அதற்கே போய்விட்டது. முதலாளி வந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீபோர்டின் மேல் குனிந்து, விரலை நீட்டி ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துக்கொண்டே போனார், எதிலாவது இரண்டு பொட்டு இருக்கிறதா என்று.